காயேன்

ஆவணியில், விசுவமட்டுக்குக் கிழக்கே,
தார் வீதியில் பாதி என்னுடையது.
கறுப்பின் மேல் சிவப்பை விரித்துவிட்டு
காலால் அளைந்து அளைந்து புரட்டுவேன்.
பட்டா, கன்ரர், ஐஸ் ஒழுகும் மீன் லொறி
எல்லாம் விலத்திப் போகப் பழகியவை.

இது பழகவில்லை.
நின்றது.
மழை கட்டின நேரத்து இரணைமடுத் தண்ணீரின் நிறம்.
பாயப்போகும் தவளையின் குந்தல்.
எஞ்சின் ஓடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை,
மிளகாய்க்குத் தெரிந்தது:
மேலே கிடந்த காய்கள் மெல்ல நடுங்கின.

கண்ணாடி இறங்க
முதலில் குளிர் வந்தது, பிறகு தும்மல்,
நாலைந்து தும்மலுக்குப் பிறகுதான் பொடியன்.
"அன்ரி, கொஞ்சம் ஓரமாக்குங்கோ.
இந்த ரயர் ஒண்டின்ர விலை தெரியுமே?"
"என்ன வாகனம் தம்பி?"
"கயேன்."
"காயத்தான் போட்டிருக்கிறன்."

தர்சிகன், வாகனத் தரகன்.
ஒட்டுசுட்டானில் கிறவல் கொன்ராக்டர் ஒருவர்
பத்தரைக்குப் பார்க்கிறாராம்.
"மிளகாயின்ர பெயர்தான் அன்ரி இதுக்கும்" என்றவன்
நான் கேட்காமலே தொடங்கினான்.
சும்மா ஒன்று இருக்காம். அதற்கு மேல் எஸ்.
இடையில் ஜி.ரி.எஸ்., அதன் சத்தமே வேறாம்.
கூரை சரிந்தது கூப்பே, பின்னால் இருப்பவர் தலை குனியவேணும்.
எல்லாவற்றுக்கும் மேலே ரேர்போ.
"இது அதுதான். நூறைத் தொட
நாலு செக்கன் கூட எடுக்காது."

எனக்கும் வகை தெரியும்.
எம்.ஐ. ஒன்று, எம்.ஐ. இரண்டு, கே.ஏ. இரண்டு.
ஒரு போகம் கலப்பின விதை என்று
பளபளத்த பைக்கற்றில் வாங்கி நட்டேன்.
பூத்தபின்தான் தெரிந்தது
பைக்கற் மட்டும்தான் கலப்பினம்.

"மண்ணெண்ணெயில ஓடுமே?" என்றேன்.
அவன் முழித்தான். பிறந்திருக்க மாட்டான்.
என் மனுசன் சேலைன் போத்திலில்
சொட்டுப் பெற்றோல் வைத்திருந்த காலம்.
கார்பரேற்றருக்கு ஒரு துளி குத்தி உதைத்தால்
மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெய்;
வெள்ளைப் புகைக்குள்ளே
நானும் பிள்ளையும் அரை மூட்டை அரிசியும்.
அதில் எஸ் இல்லை, ஜி.ரி.எஸ். இல்லை.
கிளம்பினது, கிளம்பாதது, இரண்டே வகை.

சாக்கால் இழுத்து வழி விட்டேன்.
கடந்துபோகையில் பின்கதவைப் பார்த்தேன்.
ஐந்தெழுத்து.
கடைசி எழுத்து ஒரு நூல் இறங்கியிருந்தது,
விளிம்பில் பசை, பசையில் புழுதி.
அவன் கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டான்.
பிரேக் வெளிச்சம் ஒருதரம் சிவந்து அணைந்தது.
நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மூன்று மணிக்குத் திரும்பி வந்தான்.
எதிர்ப்பக்கம் நிறுத்தி, இறங்கி,
வெறும் பின்கதவில் சாய்ந்து நின்றான்.
எழுத்துகள் இருந்த இடத்தில்
எழுத்துகளின் வடிவில் புழுதி.
"கொன்ராக்டர் நகத்தால சுரண்டிப்போட்டார்" என்றான்.
பிறகு, ஏதோ எனக்குக் கடன்பட்டதுபோல்,
"ரெண்டு கிலோ தாங்கோ அன்ரி."

வெளிறியதைப் பொறுக்கி ஒதுக்கி
நல்லதாய் நிறுத்துக் கட்டினேன்.
"இது எந்த வகை?"
"எம்.ஐ. இரண்டில இருந்து வந்தது.
மூண்டு போகமா நான்தான் விதை எடுக்கிறன்.
இப்ப என்ன பெயரெண்டு தெரியாது.
உறைக்கும்."

பையை முன் சீற்றில், தோலின் மேல் வைத்து
பட்டியை மாட்டிவிட்டான், ஆளுக்கு மாட்டுவதுபோல்.
பிறகு மிதித்தான்.
வீதி ஒருமுறை விம்மியது.
என் சிவப்பின் ஓரம் கொஞ்சம் பறந்து
அவன் பின்னால் ஓடிப்பார்த்து விழுந்தது.

வளைவில் மறையும்வரை எண்ணினேன்.
ஆறு.
அதுவும் பறப்புத்தான்.
சாக்கை உதறிவிட்டு
மறுபடி காலால் அளையத் தொடங்கினேன்.
அடியில் கிடந்தவை இன்னும் ஈரம்.